புதிய கோச், பழைய பிடி: டெல்டா கபடி அணிகளுக்கு எந்தத் தடுப்பாட்டம் பொருந்தும்?

2024 புரோ கபடிப் பருவத்துக்குத் தமிழ் தலைவாஸ் அணி இரண்டு பயிற்சியாளர்களை அறிவித்தது. ஒருவர் உதயகுமார். இன்னொருவர் தர்மராஜ் சேரலாதன். கல்லணைப் பக்கத்துத் திருச்சென்னம்பூண்டிக்காரர். கார்னரில் நின்று பிடித்தே பெயர் வாங்கியவர். 2016 ஜூலையில் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41. பிடி தெரிந்த மனிதர் கோச்சாக வந்தால் அணியின் பிடியும் தேறிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 2024 பருவத்தில் தலைவாஸ் 12 அணிகளில் ஒன்பதாவது. அதற்கு முந்தைய பருவத்திலும் ஒன்பதாவதுதான்.

இதை வைத்துச் சேரலாதனைக் குறை சொல்வது சுலபம், நியாயமாகாது. கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஒரு புதிய தடுப்பாட்டத் திட்டம் ஓர் அணிக்குப் பொருந்துமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? கோச்சின் பழைய வெற்றியை வைத்தா, கையிலிருக்கும் பையன்களை வைத்தா, ஆடும் தரையை வைத்தா? தலைவாஸுக்கு இது ஏலக் கணக்கு. தஞ்சாவூர், பூண்டி, மன்னார்குடி, கும்பகோணம் கல்லூரி அணிகளுக்கு இது வருடா வருடம் வந்து நிற்கும் பிரச்சினை. உடற்கல்வி இயக்குநர் மாறுவார், அல்லது போலீஸிலோ ரயில்வேயிலோ ஆடிய பழைய மாணவர் ஒருவர் பயிற்சி தர முன்வருவார். வருகிறவர் தான் ஆடிய ஆட்டத்தைத்தான் கற்றுத்தருவார். பையன்கள் அந்த ஆட்டத்துக்காகப் பிறந்தவர்களா என்று பார்க்க அவகாசம் இருக்காது.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தடுப்பாட்டத்துக்கென்றே சம்பளம் வாங்கும் தனிப் பயிற்சியாளர் உண்டு. அவர் மாறும்போதெல்லாம் முன்வரிசையில் எத்தனை பேர், இரண்டாம் வரிசையில் எத்தனை பேர் என்ற கணக்கே மாறிவிடும். பழைய கணக்குக்குச் சேர்த்த மாணவர்கள் புதிய கணக்கில் எங்கே நிற்பார்கள் என்று அந்த ஊரே பேசிக்கொண்டிருக்கும். நம் கபடியில் அந்தப் பேச்சு நடப்பதில்லை. ரெய்டரைப் பற்றித்தான் பேச்செல்லாம். பிடிப்பவனை நாம் வலுவை வைத்து மட்டும் அளக்கிறோம்.

திட்டம் என்று எதைச் சொல்கிறோம் என்பதைக் களத்தின் அளவிலிருந்தே தொடங்கலாம். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஓர் அணிக்குக் கிடைப்பது ஆறரை மீட்டர் ஆழம். அகலத்திலும் இருபுற லாபி தலா ஒரு மீட்டர் போக, தொடும் வரைக்கும் எட்டு மீட்டர்தான். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு, அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் கோடு. மிச்சம் ஒன்றே முக்கால் மீட்டர். பாடி வருகிறவனை அந்த ஒன்றே முக்கால் மீட்டருக்குப் பக்கத்தில் வரவழைத்துப் பிடிப்பதா, பாக் கோட்டிலேயே முட்டித் திருப்புவதா என்பதுதான் தடுப்பாட்டத்தின் முதல் முடிவு. மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைப்பவை.

முதல் வழியைக் காத்திருக்கும் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் பிடியைத் தொடங்குவது மூலையில் நிற்கும் கார்னர். ரெய்டர் போனஸுக்குக் கால் நீட்டும்போது கணுக்காலைப் பிடிப்பான், திரும்பும்போது தொடையையோ இடுப்பையோ பின்னாலிருந்து வளைப்பான். நடுவை ஒட்டி நிற்கும் கவர் இருவரும் அடுத்த நொடி மேலே விழுந்து முடிப்பார்கள். இரண்டாவது வழி ஏறிப் பிடிக்கும் ஆட்டம். ரெய்டர் ஒரு பக்கம் சாயும்போதே கவர் பாய்ந்து தோளால் இடித்து லாபிக்கு வெளியே தள்ளுவான், அல்லது திரும்பும் வழியை மறித்து நிற்பான். கார்னர் துணைக்கு வருவான். முதல் வழியில் போனஸும் ஓடுகிற தொடுகையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகும். இரண்டாவதில் ஒழுகாது, உடையும். பிடி தவறினால் ரெய்டர் மேல் கை வைத்தவர்கள் அத்தனை பேரும் வெளியே. ஒரே ரெய்டில் மூன்று புள்ளி போவது இப்படித்தான்.

இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு கோச் கரும்பலகையில் ஏழு புள்ளி வைத்துக் காட்டிவிடலாம். ஆனால் ஆட்டத்தின் பெரும்பகுதி ஏழு பேரோடு நடப்பதில்லை. ஆறு பேர் வரைக்கும் போனஸ் உண்டு. ஐந்தானதும் போனஸ் கிடையாது, ரெய்டர் தொட்டே ஆகவேண்டும், அதனால் உள்ளே வந்தே தீருவான். மூன்று பேரோ அதற்குக் குறைவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. வெளியே போனவர்கள் போன வரிசையில்தான் திரும்புவார்கள் என்பதால், களத்தில் எஞ்சும் மூவர் யார் என்பது கோச்சின் கையில் இல்லை. இரண்டு கார்னரும் ஒரு கவரும் மிஞ்சலாம். இரண்டு ரெய்டரும் ஒரு நடு ஆளும் மிஞ்சலாம். எந்த மூவர் நின்றாலும் யார் முதலில் போவது என்று சொல்லிவைத்திருக்கிற அணிக்குத்தான் திட்டம் இருக்கிறது என்று சொல்லலாம். ஏழு பேர் நிற்கும்போது மட்டும் அழகாக இருப்பது படம்.

இனித் தலைவாஸ் கதைக்கு வருவோம். தடுப்பாட்டம் பற்றிப் படிக்க விரும்புகிறவருக்கு அதைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டில் இல்லை, வலிக்கிற பாடம் என்றாலும்.

2015-இல் யு மும்பா கோப்பை வென்றபோது அதன் கோச் எடச்சேரி பாஸ்கரன். மூலைகளில் மோஹித் சில்லரும் சுரேந்தர் நாடாவும். கவரில் விஷால் மானேவும் தமிழ்நாட்டு ஜீவா குமாரும். நால்வரும் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்து ஆடினார்கள். காத்திருக்கும் ஆட்டத்துக்கு இந்தியாவில் அதைவிட நல்ல உதாரணம் அப்போது இல்லை. நான்கு ஆண்டு கழித்து, 2019-இல், அதே பாஸ்கரன் தலைவாஸ் கோச். அதே மோஹித் சில்லர் மூலையில். கூடவே மஞ்சித் சில்லர், ரன் சிங். ரெய்டுக்கு அஜய் தாக்கூரும் ராகுல் சௌத்ரியும். காகிதத்தில் இப்படி ஓர் அணியை எழுதவே கூச்சமாக இருக்கும். பருவத்தின் நடுவிலேயே பாஸ்கரன் விலகினார், உதயகுமார் வந்தார். 22 ஆட்டங்களில் 4 வெற்றி, கடைசி இடம். கோச்சும் வந்தார், திட்டமும் வந்தது, மூலையில் ஒருவரும் வந்தார். எதிர் மூலையில் நாடா இல்லை, நடுவில் மானேவும் ஜீவாவும் இல்லை. பெரிய பெயர்கள் சில ஏலத்தில் வாங்கப்பட்டு, ஏற்கெனவே இருந்த பெரிய பெயர்களோடு ஒன்றாக நிறுத்தப்பட்டன. தடுப்பாட்டம் அப்படி அமைவதில்லை.

மறுபக்கத்தைப் பாருங்கள். அடுத்த பருவம், கொரோனா காலத்தில் பெங்களூரில் பார்வையாளர் இல்லாமல் நடந்தது. தலைவாஸ் இளைஞர்களை நம்பியது: ஒரு மூலையில் சாகர் ரதீ, எதிர் மூலையில் சாஹில் குலியா, கவரில் கேப்டன் சுர்ஜித் சிங். முடிவு பதினோராவது இடம்தான். ஆனால் ஆறு ஆட்டங்கள் சமனில் முடிந்தன. வெல்லத் தெரியாத, எளிதில் தோற்கவும் செய்யாத அணி அது. பிடிப்பவர்கள் வேலையைச் செய்தார்கள், ரெய்டில் ஆள் இல்லை என்று அதைப் படிக்கலாம். அதைப் படித்துத்தான் 2022-இல் 2.26 கோடி கொடுத்துப் பவன் ஷெராவத்தை வாங்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே அவர் காயமடைந்து வெளியேறினார். கொஞ்ச நாளில் கோச்சும் மாறி அஷன் குமார் வந்தார். எல்லாம் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்த இடத்தில், அந்த அணி ஐந்தாவது இடம் பிடித்து, உ.பி. யோத்தாஸைச் சமன்முறிப்பில் வென்று, அரையிறுதியில் புனேயிடம் 37–39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. நரேந்தர் கண்டோலா என்ற இளம் ரெய்டர் எழுந்து வந்ததைப் பத்திரிகைகள் எழுதின, சரிதான். என் கணிப்பில் அதற்குச் சமமான காரணம், சாகரும் சாஹிலும் இரண்டாவது ஆண்டாக அதே மூலைகளில் நின்றது. கோச் மாறினார், மூலைகள் மாறவில்லை. அஷன் குமார் அந்த ஜோடியைக் கலைக்காமல் விட்டதே பாதித் திட்டம்.

2025-இல் சஞ்சீவ் பாலியான் வந்தார். 2022-இல் ஜெய்ப்பூருக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். அன்றைய ஜெய்ப்பூரில் அங்குஷும் சாஹுல் குமாரும் இரு மூலைகள், கவரிலிருந்து கேப்டன் சுனில் குமார் முடிவெடுப்பார். அந்த அணியின் ரெய்டர் அர்ஜுன் தேஷ்வாலும் சென்னைக்கு வந்தார். பவனும் திரும்பி வந்து, பருவத் தொடக்கத்திலேயே பிரிந்தார். மூலையில் நிதேஷ் குமார் ஏற்கெனவே இருந்தார். 2018-இல் ஒரே பருவத்தில் 100 பிடிப் புள்ளி எடுத்த முதல் ஆள் அவர். அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் ஜெய்ப்பூரின் வெற்றி இரு மூலைகளின் வெற்றி. சென்னையில் நிலைத்த மூலை ஒன்றுதான். முதல் எட்டில் தலைவாஸ் இல்லை.

ஒப்பிட ஹரியானா ஸ்டீலர்ஸ் போதும். மன்பிரீத் சிங் பயிற்சியில் 2024-இல் கோப்பை வென்ற அந்த அணியில் ஒரு மூலையில் ஈரானியர் முகமதுரேசா ஷாட்லூயி, மறுமூலையில் ராகுல் சேத்பால், கவரில் ஜெய்தீப் தஹியா. இறுதியில் பாட்னாவை 32–23 என்று வென்றார்கள். எதிரணியை 23-இல் நிறுத்தியதுதான் கோப்பை. ஷாட்லூயி புதியவர், ஜெய்தீப் போன்றவர்கள் அணியில் ஏற்கெனவே ஊறியவர்கள். ஓர் ஆளை மாற்றி மற்றவர்களை விட்டுவைத்த ஏற்பாடு அது.

ஈரான் என்றதும் ஒரு கேள்வி எழும்: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், 1990 முதல் தொடர்ந்து ஏழு தங்கம் வாங்கியிருந்த இந்திய ஆண்கள் அணியை அரையிறுதியில் 27–18 என்று வீழ்த்தியவர்களின் ஆட்டத்தை நாம் ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? ஃபசல் அட்ராச்சலி ஒரு மூலையில், அபோசர் மிகானி மறுமூலையில் என்று அமைந்த அந்த ஆட்டம் மல்யுத்தத்தில் வேரோடியது. சிறுவயதில் மல்யுத்தம் பழகிய உடம்பு அவர்களுக்கு உண்டு. பிடித்தபின் எதிராளியின் எடையைத் தன்மேல் வாங்கித் திருப்பத் தெரியும். அந்த வித்தையைக் கல்லூரியில் மூன்று ஆண்டு படிக்க வந்த பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது, முழங்கால் தண்ணீர் நிற்கும் பள்ளக்காலுக்குக் குட்டை நெல்லை எடுத்துவருவது போல. ஆனால் ஈரானியரிடமிருந்து ஒன்றை எடுக்கலாம்: பிடி தொடங்கியதும் மற்ற ஆறு பேரும் வேடிக்கை பார்க்காமல் எந்தத் திசையில் விழவேண்டும் என்ற ஒழுங்கு. 2016-இல் பாட்னாவில் சேரலாதனும் ஃபசலும் ஒரே அணியில் ஆடினார்கள். திருச்சென்னம்பூண்டிப் பொறுமையும் ஈரான் முரட்டுத்தனமும் ஒரே களத்தில் ஒத்துப்போனதற்கு அந்தக் கோப்பையே சாட்சி.

இனி நம் தரை. டெல்டாவில் கபடி வளர்ந்தது மண்ணில். சம்பா அறுவடை முடிந்து, பொங்கல் கழிந்து, கோயில் திருவிழாக்களோடு சுழற்கோப்பைப் போட்டிகள் தொடங்கும். ஊருக்கு ஊர் அணி, விடிய விடிய ஆட்டம். மன்னார்குடிப் பக்கம் வடுவூர் என்றால் பறவைகள் சரணாலயத்துக்கு அடுத்தபடி விளையாட்டுதான் நினைவுக்கு வரும். 2025 அக்டோபரில் பஹ்ரைன் ஆசிய இளைஞர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்த அபினேஷ் மோகன்தாஸ் அந்த ஊர்ப் பையன்.

மண் தரை ஒரு தடுப்பாட்டத்தைத் தானாகவே கற்றுத்தருகிறது. வெறுங்காலில் விரல் ஊன்றி நிற்கலாம். ஆனால் பாய்ந்து விழுந்தால் முட்டி கிழியும், அதனால் விழுந்து பிடிக்கும் பழக்கம் குறைவு. நின்று பிடிப்பதும், கை கோத்து வளைப்பதும், பின்னாலிருந்து இடுப்பைக் கட்டுவதும் கூடுதல். காத்திருக்கும் குணம் அங்கிருந்து வருகிறது. மேட் விரித்த தரையில் கதை வேறு. ஷூ போட்ட கால் சட்டென்று திரும்பும், ரெய்டரின் வேகம் கூடும், இடித்துத் தள்ளும் ஆட்டத்துக்கு மேட்தான் வசதி. மண்ணில் வளர்ந்தவன் மேட் தரைக்குப் போனதும் அரை நொடி பிந்துகிறான். தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் தவறிய ஒவ்வொரு பிடியையும் ‘அட்வான்ஸ் டேக்கிள்’ என்று திட்டுகிறார்கள். உண்மையில் நம் பையன்கள் தவறவிடுவதில் பெரும்பாலானவை முந்திப் போனதால் அல்ல, பிந்திப் போனதால்.

காலண்டரும் களத்துக்கு எதிராகவே இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டெல்டாக் களிமண் ஒரு மழை குடித்தால் மூன்று நாள் விடாது. மேலே மணலைக் கொட்டினாலும் அடியில் ஈரம் நிற்கும். அதே மாதங்களில்தான் முதல் செமஸ்டர் தேர்வும் வருகிறது. உள்ளரங்க மேட் இல்லாத கல்லூரிக்குப் புதிய திட்டத்தைப் பழக்க ஆண்டுக்கு நல்ல மாதங்கள் நான்கைந்து தேறினால் அதிகம். இளங்கலை மூன்று ஆண்டு. முதலாண்டு மாணவர் அணிக்குப் பழகவே ஒரு வருடம். ஆக ஒரு கார்னர் ஜோடி சேர்ந்து முழுமையாக ஆடக்கூடியது இரண்டு பருவம், அதுவும் இருவரும் ஒரே வகுப்பில் சேர்ந்தால். தலைவாஸ் ஏலத்தில் செய்யும் தவறு கல்லூரியில் பட்டமளிப்பு விழாவில் தானாக நடக்கிறது: இரண்டு மூலையும் ஒரே நாளில் காலியாகும்.

இந்தக் கட்டுகளை ஏற்றுக்கொண்டு பார்த்தால் பதில் ஓரளவு தெளிவாகிறது. டெல்டாக் கல்லூரி ஆண்கள் அணிக்குக் காத்திருக்கும் ஆட்டமே அடிப்படையாக இருக்கவேண்டும். பையன்களின் காலும் பழக்கமும் அதற்கு ஏற்றவை, பிழைத்தாலும் ஒரு புள்ளியோடு போகும். அதன்மேல் ஒரே ஒரு புதியதைச் சேர்க்கலாம்: எதிரணி அடுத்தடுத்து இரண்டு ரெய்டில் சும்மா திரும்பி, மூன்றாவது ரெய்டில் கட்டாயம் புள்ளி எடுத்தே ஆகவேண்டிய நிலையில் வரும்போது மட்டும் கவர் ஏறிப் பிடிப்பது. அந்த நேரத்தில் ரெய்டர் போகும் இடம் ஏறக்குறைய தெரிந்துவிடும். இடித்துத் தள்ளுவதையே முழு ஆட்டமாக எடுத்துவரும் கோச்சுக்கு முதலில் மேட் வேண்டும், அடுத்தது 80 கிலோவை எட்டும் கவர் இருவர் வேண்டும். பெரியோர் பிரிவின் வரம்பு 85 கிலோ. நம் கல்லூரிகளில் அந்த வரம்பைத் தொடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இல்லாத உடம்புக்குத் திட்டம் போடுவதில் பயனில்லை.

பெண்கள் அணிக்கு இதே தீர்ப்பைச் சொல்லமாட்டேன். அவர்களின் களம் 12-க்கு 8. மூலைக்கும் கவருக்கும் இடைவெளி குறைவு. கை கோத்த இருவர் வளைத்தால் வழி சீக்கிரம் அடைபடும். ஜகார்த்தாவில் ஈரான் பெண்கள் இந்தியாவை 27–24 என்று இறுதியில் வென்றார்கள். அவர்களின் கோச் இந்தியரான ஷைலஜா ஜெயின். வேறு நாட்டு அணிக்கு அந்த நாட்டு உடம்பையும் பழக்கத்தையும் பார்த்து ஆட்டம் அமைத்தவர் அவர். தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் கல்லூரி போன்ற இடங்களில் பெண்கள் அணிக்கு ஆண்கள் அணியின் திட்டத்தையே சுருக்கிக் கொடுக்காமல், ஆரம்பத்திலேயே ஏறிப் பிடிக்கும் ஆட்டத்தைப் பழக்கிப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

புதிய கோச் வந்த முதல் வாரம் என்ன செய்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். படத்தோடு வருகிறவரைவிட, பையன்களை மூன்று பேராக, இரண்டு பேராக நிறுத்திப் பிடிக்கவிட்டு ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறவர் தேவலை. யார் முதலில் போகிறான், யார் விழுந்தபின்னும் விடாமல் இருக்கிறான், யார் குரல் கொடுக்கிறான் என்பது அப்போது தெரியும். குரல் கொடுப்பவன்தான் நடுவில் நிற்கவேண்டியவன், அவன் எடை எவ்வளவாக இருந்தாலும்.

கல்லூரி நிர்வாகங்களிடம் கேட்பது இரண்டுதான். புதிய தடுப்பாட்டத்தோடு வருகிற கோச்சை ஒரு தோல்விப் பருவத்தை வைத்து மாற்றாதீர்கள், இரண்டு ஆண்டு கொடுங்கள். ஜூன், ஜூலையில் அணி தேர்வு நடக்கும்போது இரு கார்னர்களில் ஒருவராவது முதலாண்டு மாணவராக இருக்கும்படி பாருங்கள்.